குடைகளுக்கு ஒரு சொல்

என் மனைவிக்குத் தெரியாத விஷயம் இந்த உலகத்தில் எதுவும் கிடையாது. அதாவது, "தெரியாது" என்ற ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து வரவழைக்க நானும் இருபத்தேழு வருஷமாக முயன்று பார்த்துவிட்டேன், நடக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் யாராவது வழி கேட்டால் போதும், நான் வாயைத் திறப்பதற்குள் இவள் கையை நீட்டிவிடுவாள். ஒருமுறை கண் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்ட பெரியவரை மரக்கடைக்கு அனுப்பிவைத்தாள். அவர் அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, பஸ் வராமல் நின்றுகொண்டிருந்த எங்களையே பிடித்துக்கொண்டார். "அந்தப் பக்கமும் ஒண்ணு இருக்கும்னு நினைச்சேங்க" என்றாள் இவள், கொஞ்சமும் அசராமல். பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டவன் நான்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை ஆரம்பப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் அவள் பொறுப்பு. ஒரு நீளமான கூடத்தை நடுவில் இரண்டு இரும்பு பீரோக்களை நிறுத்திப் பிரித்திருப்பார்கள். இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் கணக்கு வாத்தியார். அங்கே வாய்ப்பாடு சொன்னால் இங்கே கேட்கும், இங்கே சிரித்தால் அங்கே கணக்கு தப்பும். நான் இரண்டு தெரு தள்ளி ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். அடுத்தவர் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அதற்கு வீட்டிலேயே நல்ல பயிற்சி.

வருஷத்தில் ஒரு வாரம் எங்கள் வீட்டில் எதுவும் வைத்த இடத்தில் இருக்காது. அது கலெக்டிவ் நவுன், அதாவது கூட்டத்துக்கும் குவியலுக்கும் உள்ள பெயர்கள், நடத்துகிற வாரம். பொருளைக் கையில் கொடுக்காமல் இவள் ஒரு சொல்லையும் சொல்லித்தர மாட்டாள். "எ பன்ச் ஆஃப் கீஸ்" நடத்தும் அன்றைக்கு என் சாவிக்கொத்து பள்ளிக்கூடம் போய்விடும். நாற்பது பிள்ளைகளும் ஆளுக்கு ஒருதரம் அதைக் குலுக்கிப் பார்ப்பார்கள். நான் அச்சக வாசலில் பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மறுநாள் சீட்டுக்கட்டு போகும். அதற்கடுத்த நாள் என் சட்டைகள் எல்லாம் ஒரு குவியலாகப் போகும். தேனீக்கூட்டத்துக்குப் பாதி வகுப்பை எழுந்து நின்று ரீங்காரம் போடச் சொல்வாள். கணக்கு வாத்தியார் பீரோ இடுக்கு வழியாகத் தலையை நீட்டி, "டீச்சர், பெருக்கல் ஓடிக்கிட்டிருக்கு" என்று கெஞ்சுவார். பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் கொத்துச்சாவி டீச்சர். அது என் சாவி என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இந்தப் பாடத்தில் ஒரு தொந்தரவு உண்டு. தமிழில் மந்தை, கொத்து, கட்டு, குவியல் என்று நாலைந்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளிவிடலாம். ஆங்கிலத்திலோ சிங்கத்துக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று, ஓநாய்க்கு ஒன்று. இதைக் கேட்ட பிள்ளைகள் அப்புறம் சும்மா இருக்குமா? "டீச்சர், செருப்புக்கு என்ன? கொசுவுக்கு என்ன? ஹெச்.எம்.முக்கு என்ன?" என்று பிய்த்து எடுத்துவிடும்.

அவள் வேலையில் சேர்ந்த முதல் மழைக்காலம். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாசம். வகுப்பின் மூலையில் முப்பது குடைகள் நனைந்து சொட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன. முன் பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், குடைக்கு என்ன?" என்று கேட்டிருக்கிறான். குடை ரிப்பேர்காரருடைய மகன். அவன் வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் குடை, அடுப்புக்கு மேலேயும் குடை. வேறு எதைக் கேட்பான்? அப்படி ஒரு சொல் தனியாக இல்லை, சும்மா "நிறைய குடைகள்" என்று சொன்னால் போதும். இவளும் அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் நாற்பது முகங்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன, பீரோவுக்கு அந்தப் பக்கம் கணக்கு வாத்தியாரின் காதும் இருக்கிறது. இவள் சொட்டுகிற குடைகளைப் பார்த்தாள், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எ ஷவர் ஆஃப் அம்ப்ரெல்லாஸ்." அதாவது, ஒரு தூறல் குடைகள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள், குடித்த தண்ணீர் புரையேறி, பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார். அவரிடமும் சொன்னேன். அவரும் சிரித்தார். இவள் ஏதோ கேட்டாள், என் இருமலில் அது காதில் விழவில்லை. அப்புறம் ஒரு மாசத்துக்கு வீட்டில் எது இரண்டுக்கு மேல் இருந்தாலும், "இதுக்கு ஒரு பேர் வையேன்" என்று அவளைச் சீண்டிக்கொண்டிருந்தேன். இளம் வயசு, நம் பேச்சே நமக்குப் பெரிய வேடிக்கையாக இருக்கும்.

மறுநாள் அவள் வகுப்புக்குப் போனபோது நாற்பது நோட்டிலும் அந்தச் சொல் ஏறியிருந்தது. ரிப்பேர்காரர் மகன் ஒரு முழுப் பக்கத்துக்கு வண்ணத்தில் குடைகள் வரைந்து கீழே அதை எழுதிக் கொண்டுவந்திருந்தான். இவள் மென்று முழுங்கிவிட்டுச் சிங்கத்துக்குப் போய்விட்டாள்.

ஒரு சொல்லை நாற்பது பிள்ளைகள் வாயில் போட்டுவிட்டால் அதன் கதை என்ன ஆகும் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். அது அண்ணனிடமிருந்து தங்கைக்குப் போனது, வகுப்புச் சுவரில் ஒட்டிய அட்டைக்குப் போனது, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனது. எட்டு வருஷத்துக்கு முன் எங்கள் ஹெச்.எம். ஒரு கைடு தொகுத்தார். அந்தச் சுவரட்டையை அப்படியே நகல் எடுத்து அதில் சேர்த்துவிட்டார். அச்சானது எங்கள் அச்சகத்தில். புரூஃப் என் மேஜைக்குத்தான் வந்தது. பக்கம் முப்பத்தொன்று, கீழிருந்து நாலாவது வரி. என் பென்சில் அங்கே நின்றது. அடித்தால் ஹெச்.எம். ஏன் என்று கேட்பார், கேட்டால் வீட்டு விஷயம் வீதிக்கு வரும். தவிர, உண்மையைச் சொல்வதானால், எனக்கு அது வேடிக்கையாகவும் இருந்தது. அடிக்காமல் விட்டேன். அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், "இந்தா, உன் குடை அச்சேறிடுச்சு" என்று காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

இதற்கிடையில் அந்தப் பையன் பெரியவனாகி, அப்பாவின் தொழிலை எடுத்து, எங்கள் தெருமுனையில் கடை போட்டுவிட்டான். போர்டில் என்ன எழுதினான் என்று நினைக்கிறீர்கள்? மஞ்சள் பலகையில் நீல எழுத்து, ஒரு முழ உயரம்: "ஷவர் ஆஃப் அம்ப்ரெல்லாஸ். குடை ரிப்பேர் செய்யப்படும், பை ஜிப் மாற்றப்படும்." என் மனைவி அன்றிலிருந்து அந்தப் பக்க நடைபாதையில் போவதில்லை. எதிர்ப்பக்கம் தாண்டி, ரொட்டிக் கடையைச் சுற்றித்தான் போவாள். கூடப் போகும் நானும் தலையெழுத்தே என்று சுற்றுவேன். "போர்டு உன்னைக் கடிச்சிடுமா?" என்று கேட்டால் நடையை எட்டிப் போடுவாள்.

போன வருஷம் அந்தக் குடைக்காரனின் மகள் இவளுடைய ஐந்தாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தாள். ஒல்லியான பெண், எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவாள். நாங்கள் வீட்டில் அவளைக் குட்டி என்போம். குட்டி ஒருநாள் ஹெச்.எம். அறையில் இருந்த பெரிய டிக்‌ஷனரியை எடுத்து, குடைக்கும் பார்த்து, ஷவருக்கும் பார்த்திருக்கிறாள். மத்தியானம் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இவளைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், எங்க கடை போர்டுல இருக்கிறது டிக்‌ஷனரியில இல்லையே?"

இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக என் மனைவி உண்மையைச் சொன்னாள். எப்படிச் சொன்னாள் தெரியுமா? சுற்றும் முற்றும் பார்த்து, குனிந்து, காதோடு காதாக.

"அப்படி ஒரு சொல் இல்லம்மா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். சும்மா 'எ லாட் ஆஃப்'னு எழுதினாப் போதும். அப்பாகிட்ட இப்போதைக்குச் சொல்லாதே, என்ன?"

குட்டி தலையாட்டினாள். இவளும் ஏதோ பெரிய பாரத்தை இறக்கிவைத்தவள் போல அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

வருஷக் கடைசியில் பரீட்சை வந்தது. டவுனில் இருக்கிற பெரிய பெண்கள் பள்ளியில் எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இருபது இடம். ஒரு பொதுப் பரீட்சை வைத்து எடுப்பார்கள். உள்ளே போய்விட்டால் பன்னிரண்டாம் வகுப்பு வரை கவலையில்லை, நல்ல ஆய்வகம், நல்ல நூலகம். கிடைக்காவிட்டால் எட்டாம் வகுப்போடு நிற்கிற பள்ளி ஒன்றுதான் எங்கள் பக்கத்தில். ஆங்கிலக் கேள்வித்தாளைத் தயாரித்தவர் எங்கள் ஹெச்.எம். அவர் எங்கே போவார்? தன் கைடைத் திறந்தார். பக்கம் முப்பத்தொன்று. "எ ____ ஆஃப் அம்ப்ரெல்லாஸ்." எல்லாப் பிள்ளைகளும் ஷவர் என்று எழுதின. குட்டி மட்டும் லாட் என்று எழுதினாள். விடைத்தாளில் சிவப்புக் கோடு விழுந்தது.

நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டினார்கள். குட்டி இருபத்தொன்றாவது. ஒரு மார்க்கில் போயிற்று. பட்டியலின் கீழே பொடி எழுத்தில், ஆட்சேபணை இருந்தால் ஐந்து வேலை நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என்று இருந்தது.

அதற்கப்புறம் என் வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரிந்ததோடு சரி. இவள் தட்டைத் தள்ளிவைப்பதும், ஜன்னல் பக்கம் போவதும், திரும்பி வருவதுமாக இருந்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒண்ணு போய்ச் சொல்லு, இல்ல விட்டுத் தொலை. ரெண்டும் இல்லாம இப்படி நடந்து நடந்து தரையைத் தேய்க்காதே."

"யார்கிட்டங்க சொல்றது?"

"ஹெச்.எம்.கிட்ட சொல்லு. அவர்தானே கேள்வி போட்டார்?"

போனாள். ஹெச்.எம். நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்ன பதிலை எனக்கு அப்படியே வந்து ஒப்பித்தாள். "டிக்‌ஷனரியில இல்லைன்னா, டிக்‌ஷனரியில விட்டுப்போச்சுன்னு அர்த்தம் டீச்சர். புத்தகத்துல அச்சாகியிருக்கே, அது எப்படித் தப்பாகும்?" கடைசியில், பரீட்சைக் குழுவுக்கு அனுப்ப வேண்டுமானால், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, யார் முதலில் சொன்னது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார். அது அவளுடைய பணிப் பதிவேட்டிலும் சேருமாம், பள்ளிக்கூட போர்டிலும் ஒட்டப்படுமாம்.

"எழுதிடுவேன்" என்றாள். "ஆனா போர்டுல ஒட்டினா ஊரே அவன் கடையைப் பார்த்துச் சிரிக்கும். அதுக்கு முன்னாடி நானே அவன்கிட்ட சொல்லணும். நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு?"

"வாங்கன்னா வாங்களேன்."

நாலாம் நாள் காலை, பல வருஷத்துக்கு அப்புறம், நாங்கள் அந்தப் பக்க நடைபாதையில் நடந்தோம். கடை ஓர் ஆள் அகலம்தான். கூரையிலிருந்து குடைகள் தலைகீழாகத் தொங்கின. குடைக்காரன் தரையில் உட்கார்ந்து ஒரு கம்பியை வளைத்துக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"வாங்க டீச்சர். வாங்க சார். சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே!"

என் மனைவி உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு குடையை எடுத்து நீட்டினாள். அதில் ஒரு பழுதும் இல்லை என்பது எனக்குத் தெரியும். போன மாசம்தான் வாங்கினோம். அவன் அதை விரித்தான், மூடினான், திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்லாத்தானே டீச்சர் இருக்கு?"

"ஆமா. நல்லாத்தான் இருக்கு" என்றாள். அப்புறம் மழையைப் பற்றிப் பேசினாள். ஜிப்பைப் பற்றிப் பேசினாள். நான் தொண்டையைக் கனைத்தேன். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்: அந்த மழை நாள், அவன் கேட்ட கேள்வி, தான் கட்டிவிட்டது, குட்டியிடம் குழாயடியில் சொன்னது, சொல்லாதே என்றது, எல்லாம்.

அவன் தலைக்கு மேலே இருந்த போர்டைப் பார்ப்பான் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. கையிலிருந்த கம்பியைத் தரையில் வைத்தான்.

"போர்டு கிடக்கட்டும் டீச்சர். பேர் எதுவா இருந்தா என்ன, குடை தைச்சாச் சரி." கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். "நாலு நாளா அவளைத் திட்டிக்கிட்டே இருக்கேன். தினம் காலையில கண் முழிக்கிற போர்டு, அதைக்கூடவா எழுதத் தெரியலன்னு கேட்டேன். வாயே திறக்கல அவ. அழுதுக்கிட்டே படுத்தா. நீங்க சொல்லாதேன்னு சொன்னீங்கன்னு இப்பதானே தெரியுது."

என் மனைவி ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றாள்.

"சொல்றதுன்னா எல்லாருக்கும் சொல்லியிருக்கணும். இல்லைன்னா அவளுக்கும் சொல்லாம விட்டிருக்கணும். அவளும் மத்தவங்க மாதிரி தப்பாவே எழுதி உள்ள போயிருப்பா. பத்து வயசுப் பிள்ளைகிட்ட உண்மையைக் கொடுத்து, மூடி வச்சுக்கோன்னா, அது என்ன டீச்சர் பண்ணும்?"

மரியாதையாகத்தான் கேட்டான். அதுதான் தாங்க முடியவில்லை. இருபத்தாறு வருஷமாக அவள் அந்த ஒரு பொய்யை நினைத்து மருகியதை நான் பார்த்திருக்கிறேன். தப்பு அதில் இல்லை, காதோடு சொன்ன உண்மையில் இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அன்று முதல் பீரியடிலேயே அவள் வகுப்புக்கு நடுவில் நின்று, பீரோவுக்கு அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டாள். குடைக்கு அப்படி ஒரு சொல் கிடையாது, அன்றைக்குத் தெரியாததால் தானே கட்டிச் சொன்னது, குட்டி எழுதியதுதான் சரி. அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "அப்போ சிங்கத்துக்குச் சொன்னதும் நீங்களே வச்சதா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான், எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. மீன் மேல் சந்தேகம், ஓநாய் மேல் சந்தேகம், என் சாவிக்கொத்தின் மேல்கூடச் சந்தேகம். ஹெச்.எம். அறையிலிருந்து டிக்‌ஷனரியைத் தூக்கிவந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி முடிப்பதற்குள் இரண்டு பீரியட் போய்விட்டது. வீட்டுக்கு வந்தவள் தொண்டை கட்டிப்போய், "ஒண்ணைத் திருத்தப் போனா நாற்பதையும் நிரூபிக்கச் சொல்லுதுங்க" என்று அலுத்துக்கொண்டாள்.

மாலை மேஜையில் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். பழக்கதோஷத்தில் நான் ஓரிடத்தில் கால்புள்ளி போட்டேன்.

"இதுலயும் உங்க புரூஃப் வேலையா?"

"இல்ல, கீழ இன்னும் ரெண்டு வரி இருக்கு" என்று பேனாவை வாங்கினேன். பக்கம் முப்பத்தொன்றில் அந்தச் சொல் பிழை என்று தெரிந்தும் அடிக்காமல் விட்டவன் நான் என்று எழுதி, அவள் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தையும் போட்டேன். அவள் அதை இரண்டு தரம் படித்தாள். மடித்து உறையில் போட்டாள்.

ஐந்தாம் நாள் கடிதம் போய்ச் சேர்ந்தது. குழு அந்தக் கேள்வியையே ரத்து செய்தது. ஷவர் எழுதிய எல்லோருக்கும் ஒரு மார்க் குறைய, குட்டி பதினெட்டாம் இடத்துக்கு வந்தாள். ஏற்கெனவே பட்டியலில் இருந்த பிள்ளையைத் தள்ள மனசில்லாமல் இருபத்தொரு பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் கடிதம் ஒரு மாசம் நோட்டீஸ் போர்டில் இருந்தது. தினமும் யாராவது நின்று படித்தார்கள். ஹெச்.எம். கைடின் புதுப் பதிப்பு புரூஃபுக்கு வந்தபோது அந்த வரியைச் சிவப்பில் அடித்து அனுப்பினேன். மறு புரூஃபிலும் அப்படியே வந்தது. திரும்ப அடித்தேன். மூன்றாவதிலும் வந்தது. அந்த மனுஷனோடு என்னால் மல்லுக்கட்ட முடியவில்லை, ஆனாலும் அடித்துக்கொண்டேதான் இருக்கிறேன். குடைக்காரன் இன்னும் போர்டை மாற்றவில்லை. என் மனைவி இப்போது அந்தப் பக்க நடைபாதையிலேயே போகிறாள், தலையைக் குனிந்துகொண்டு.

பள்ளிகள் திறந்து இரண்டு மாசம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா கொடுத்தனுப்பினார் என்று, எங்கள் நல்ல குடையை நீட்டினாள். அன்று கடையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தோம். புதுப் பள்ளி எப்படி இருக்கிறது என்று இவள் கேட்டாள். பெரிசா இருக்கு என்றாள். ஆங்கில டீச்சர் எப்படி என்று கேட்டாள். நான் டீயைக் குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நல்லா நடத்துறாங்க டீச்சர். அன்னைக்கு ஒருத்தி என்னமோ கேட்டா. அவங்க உடனே, 'எனக்குத் தெரியாதும்மா, பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்'னு சொல்லிட்டாங்க."

"அப்புறம்?" என்றாள் என் மனைவி.

"அப்புறம் ஒண்ணும் இல்ல. மறுநாள் வந்து சொன்னாங்க."

"பிள்ளைங்க யாரும் சிரிக்கலையா?"

குட்டிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "இதுல சிரிக்க என்ன டீச்சர் இருக்கு?"

அவள் போன பிறகு வெகுநேரம் என் மனைவி அந்தக் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்த மழை நாள் சாயங்காலம் நான் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா?" என்றாள். "நாளைக்குக் காலையில போய், தெரியாம சொல்லிட்டேன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிடட்டுமான்னு கேட்டேன். நீங்க சிரிச்சுக்கிட்டே இருந்தீங்க."

டீ ஆறிப்போயிருந்தது. இத்தனை வருஷமும் அவள் வாயைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து முதலில் என்னிடம்தான் அவள் உண்மையைச் சொன்னாள், நான் அதைப் பக்கத்து வீடு வரைக்கும் சிரித்து விற்றேன். வெட்கமாக இருந்தது.

"நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றேன்.

"இப்பவாவது தெரிஞ்சுதே" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்க் கதவுக்குப் பின்னால் மாட்டினாள்.